நெவேனாவின் வகுப்புத் தோழர்கள்

எங்கள் ஊர்ப் பல்கலைக்கழகத்தின் உயிரியல் துறையில் அந்த ஆண்டு சேர்ந்த மாணவர்கள் அத்தனை பேருடைய பெயரும் நெவேனா யானகியேவா.

ஒருத்திதான் சேர்ந்தாள் என்று நேரடியாகச் சொல்லிவிடலாம். ஆனால் பல்கலைக்கழகத்தில் அப்படிப் பேசும் வழக்கம் இல்லை. 'முதலாண்டு மாணவர் திரள்' என்றுதான் சொல்வார்கள். திரள் தாமதமாக வந்தது, திரளுக்குச் சளி பிடித்திருக்கிறது, திரள் மதியம் சாப்பிடவில்லை.

டான்யூப் ஆற்றங்கரையில் இருந்த ரசாயன ஆலையை மூடிய பிறகு எங்கள் ஊரில் மிஞ்சிய வேலை இந்தப் பல்கலைக்கழகம் மட்டும்தான். ஆலையில் வேலை பார்த்தவர்களில் வெளிநாடு போகாதவர்கள் எல்லாரும் ஏதோ ஒரு வழியில் இதற்குள் நுழைந்துவிட்டார்கள். தேர்வுப் பிரிவு, தரப் பிரிவு, தரத்தின் தரத்தைப் பார்க்கும் பிரிவு, மாணவர் நலப் பிரிவு, மாணவர் ஒழுங்குப் பிரிவு என்று மூன்று மாடி நிறைய ஆட்கள். குறைந்துபோனது மாணவர்கள்தான்; மற்றத் துறைகள் ஏற்கெனவே மூடிவிட்டன, உயிரியலிலும் மேல் வகுப்புகள் காலி. அவர்கள் பள்ளிக்கூடம் முடித்த கையோடு ஜெர்மனிக்கோ ஹாலந்துக்கோ பஸ் ஏறிவிடுகிறார்கள். நெவேனாவோடு படித்தவர்களும் அப்படித்தான் போனார்கள். அவள் அம்மா அதற்கும் முன்னாலேயே இத்தாலிக்குப் போய், பொலோன்யாவில் படுத்த படுக்கையாகக் கிடக்கும் ஒரு கிழவியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நெவேனா போகாமல் இருந்ததற்குப் பெரிய காரணம் ஒன்றும் இல்லை. ஊர் உயர்நிலைப் பள்ளியில் உயிரியல் ஆசிரியர் இடம் நெடுநாளாகக் காலியாகக் கிடந்தது. செல்லைப் பற்றிய பாடத்தை உடற்பயிற்சி ஆசிரியர்தான் விசில் ஊதி நடத்தி வந்தார். படித்து முடித்து அந்த இடத்துக்குப் போய்விடலாம் என்று அவள் நினைத்தாள். தனியாக ஒரு அடுக்குமாடி வீட்டில் இருந்தாள். அந்தக் கட்டடத்தின் வாசற்கதவில் ஒட்டியிருந்த இறந்தவர்களின் படம் போட்ட அஞ்சலித் தாள்கள், உள்ளே குடியிருந்தவர்களைவிட அதிகம்.

முதல் நாள் அவள் பெரிய விரிவுரை அரங்கத்துக்குள் நுழைந்து முன்வரிசையில் உட்கார்ந்தாள். கல்விப் பிரிவு மேற்பார்வையாளர் செவ்தா காபிக் கோப்பையோடு வந்து நின்றாள்.

"அங்க எதுக்கு உக்காந்திருக்க? உன் குடும்பப் பேரு எந்த எழுத்துல ஆரம்பிக்குது?"

"யா."

"யா நம்ம அகரவரிசையில கடைசி எழுத்து. கடைசி வரிசை. ஏறு மேல."

"முன்னாடி யாருமே இல்லையே மேடம்."

"அதனால? 'அ'வுல ஆரம்பிக்கிறவங்க வந்தா எங்க உக்காருவாங்க, உன் மடியிலயா?"

நெவேனா படியேறிக் கடைசி வரிசைக்குப் போனாள். அங்கிருந்து பார்க்கையில் மேடை ஒரு தீப்பெட்டி அளவுக்குத் தெரிந்தது. மேடைமேல் தீக்குச்சி மாதிரி நின்றுகொண்டிருந்தவர்தான் பேராசிரியர் அசென் ப்ராதானோவ். 'உயிரின் அடிப்படை வேதியியல்' அவருடைய பாடம். மனைவி இறந்துவிட்டார், மகள் டொரொன்டோவில் இருக்கிறாள், ஓய்வு பெற ஒரு வருடம் பாக்கி. பெரிய அரங்கத்தில் ஒலிபெருக்கி இல்லாமல் பேசக் கூடாது என்பது விதி. அதனால் அவர் மைக்கில் தட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"பின்னாடி இருக்கிறவங்களுக்குக் கேக்குதா?"

பின்னால் இருந்தவள் கையைத் தூக்கினாள்.

அன்று அவர் தண்ணீரைப் பற்றிப் பேசினார். நல்ல ஆசிரியர். ஒரு நீர் மூலக்கூறு இன்னொன்றை எப்படிப் பிடிக்கிறது, அந்தப் பிடி எவ்வளவு தளர்வானது, கண் சிமிட்டுவதற்குள் விட்டுவிட்டு வேறொன்றைப் பிடித்துக்கொள்கிறது, ஆனாலும் கோடிக்கணக்கில் சேர்ந்துவிட்டால் மரத்தின் உச்சி இலைவரை தண்ணீரைத் தூக்கிவிடுகிறது என்றெல்லாம் சொன்னார். நெவேனா எழுதுவதைக்கூட மறந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அப்புறம் அவர் நிறுத்தி, கொஞ்சம் கூச்சத்தோடு, புதிய கற்பித்தல் நெறிமுறையில் இருந்ததைச் சொன்னார்:

"இப்ப இதைப் பத்தி ரெண்டு நிமிஷம் பக்கத்துல இருக்கிறவரோட கலந்து பேசுங்க."

நெவேனா இடப்பக்கம் திரும்பினாள். மடக்கு நாற்காலி மடங்கியிருந்தது. வலப்பக்கமும் அப்படியே. பேராசிரியர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்கும் பேச ஆள் இல்லை. நேரம் முடிந்ததும் இருமி, "நல்ல விவாதம்" என்று சொல்லிவிட்டு அடுத்த பகுதிக்குப் போனார். நெறிமுறையில் அப்படிச் சொல்லவும் இடம் இருந்தது.

செய்முறை வகுப்பு இன்னும் சிக்கல். சோதனைகளை நால்வர் குழுவாகத்தான் செய்ய வேண்டும்: ஒருவர் பிடிப்பவர், ஒருவர் சூடாக்குபவர், ஒருவர் குறிப்பெடுப்பவர், ஒருவர் பாதுகாப்பாளர். நான்கு நிறத்தில் நான்கு மேலங்கிகள். மாணவர் ஒழுங்குப் பிரிவிலிருந்து ஒருவர் வந்து ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். நெவேனா மஞ்சள் அங்கி போட்டுச் சோதனைக் குழாயைப் பிடித்தாள், தாங்கியில் வைத்தாள், மஞ்சளைக் கழற்றிச் சிவப்பைப் போட்டு அடுப்பைப் பற்றவைத்தாள். கரைசல் கொதித்துப் பொங்கியது. அவள் பதறி அடுப்பை அணைக்கப் போனாள்.

"நில்லு நில்லு!" என்றார் ஒழுங்குப் பிரிவுக்காரர். "அணைக்கிறது பாதுகாப்பாளர் வேலை. நீ சூடாக்குறவ. பச்சை அங்கி எங்க?"

அவள் பச்சை அங்கியைத் தேடிப் போடுவதற்குள் மேசை முழுக்கச் செங்கல் நிறத்தில் வழிந்துவிட்டது. "குழுவுல ஒருங்கிணைப்பு போதாது" என்று அவர் வருத்தத்தோடு சொன்னார்.

புரதச் சோதனைக்கு ஒரு முட்டை வேண்டும். முட்டையின் வெள்ளைக் கருவில் செம்புக் கரைசலும் காரமும் சேர்த்தால் ஊதா நிறம் வரும், அவ்வளவுதான். முட்டை கேட்டுக் கொள்முதல் பிரிவுக்கு எழுதினார்கள். பதில் வராததால் நெவேனா வீட்டிலிருந்து ஒன்றைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்து வந்தாள்.

கொள்முதல் பிரிவுத் தலைவர் அதை விரலால்கூடத் தொடவில்லை. "இது தனியார் முட்டை" என்றார்.

"சாதாரண முட்டைதாங்க."

"யாருக்குத் தெரியும்? இதுல இருக்கிற புரதத்துக்கு யாரும்மா பொறுப்பு? நாளைக்கு ஊதாவுக்குப் பதிலா பச்சை வந்துச்சுன்னா, நீ போயிடுவ, நான்தான் பதில் சொல்லணும். நான் இந்த நாற்காலியில உக்காந்ததுலேர்ந்து ஒரு தப்பும் நடந்ததில்ல. ஏன் தெரியுமா? ஒண்ணுமே வாங்கினதில்ல."

மூன்று விலைப்புள்ளிகள் வாங்கி, ஒப்பிட்டு, ஒரு நிறுவனம் மேல்முறையீடு செய்து, அது தள்ளுபடியாகி, பனிக்காலம் பாதி போன பிறகு அரசாங்க முட்டை வந்து சேர்ந்தது. பேராசிரியர் ப்ராதானோவ் அதை உடைத்தார். ஒழுங்குப் பிரிவுக்காரர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினார். நெவேனா மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

"ஓடாதம்மா, இதுவும் பாடம்தான்" என்றார் பேராசிரியர். அவர் கண்ணில் நீர் வந்தது. "சில அமினோ அமிலங்கள்ல கந்தகம் இருக்கும்னு போன வாரம் சொன்னேன்ல, நீ நம்பினியோ என்னமோ. இப்ப நம்புற இல்ல?"

இருவரும் சிரித்தார்கள். அந்த ஆண்டில் அந்தக் கட்டடத்தில் இரண்டு பேர் சேர்ந்து சிரித்தது அந்த ஒரு தடவைதான். நாற்றத்தை விசாரிக்க அன்று மாலையே ஒரு குழு அமைத்தார்கள்.

செய்முறை முடிந்ததும் குழு உறுப்பினர்கள் ஒருவரையொருவர் மதிப்பிட வேண்டும். குறைந்தது ஒருவராவது சரியாக ஒத்துழைக்கவில்லை என்று சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் மதிப்பீடு நேர்மையானதல்ல. நெவேனா யோசித்துப் பார்த்துவிட்டுப் பச்சை அங்கிக்காரிக்கு இரண்டு போட்டாள். எங்கள் ஊரில் ஆறு என்றால் மிக நன்று, இரண்டு என்றால் தோல்வி. மறுநாளே மாணவர் நலப் பிரிவின் உளவியல் ஆலோசகர் அவளைக் கூப்பிட்டனுப்பினார்.

"குழுவுக்குள்ள பிரச்சினைன்னு கேள்விப்பட்டேன்" என்றார் கனிவாக. அவருக்கு எதிரே இரண்டு நாற்காலிகள் ஒன்றையொன்று பார்த்தபடி போடப்பட்டிருந்தன. "உக்காரு. மனசு விட்டுப் பேசு. அந்தப் பொண்ணு மேல என்ன கோவம்?"

"அது நான்தாங்க."

"நல்லது. பொறுப்பு எடுத்துக்கிறது முதல் படி. இப்ப எதிர் நாற்காலியில போய் உக்காந்து, அவங்க தரப்பைச் சொல்லு."

நெவேனா எழுந்து எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். தான் எழுந்து வந்த காலி நாற்காலியைப் பார்த்தாள். பிறகு, "எனக்கு யாருமே இல்ல" என்றாள்.

ஆலோசகர் எழுதிக்கொண்டார். "இதைத்தான் ரெண்டு பேரும் நேருக்கு நேர் பேசியிருக்கணும். பேசித் தீராத சண்டை கிடையாது." அவள் வெளியே வந்தபோது, அந்த ஆண்டு மாணவர் நலப் பிரிவு தீர்த்துவைத்த சண்டை ஒன்று என்று கணக்கில் ஏறியது. போன ஆண்டு அது பூஜ்யம்.

அரையாண்டு முடிவு வந்ததும் விழா எடுத்தார்கள். தர வரிசையில் முதலிடம் பெற்ற மாணவிக்குப் பூச்செண்டு. கடைசி இடம் பெற்ற மாணவிக்குக் கடும் எச்சரிக்கை. இரண்டும் ஒரே மேடையில். டீன் க்ராஸிமிர் வேல்கோவ் பேசினார். அவர் நல்ல குரல்வளம் உள்ளவர், ஆலை இருந்தபோது தொழிற்சங்கத்தில் பேசிப் பழகியவர்.

"நண்பர்களே, நம்ம முதல் மாணவிக்கும் கடைசி மாணவிக்கும் நடுவுல ஒரு மதிப்பெண்கூட வித்தியாசம் கிடையாது! இந்தச் சமத்துவத்தை ஐரோப்பாவுல எந்தப் பல்கலைக்கழகம் சாதிச்சிருக்கு, சொல்லுங்க பார்க்கலாம்!" கைதட்டல். "நம்மள மூடணும்னு தலைநகர் சோஃபியாவுல சிலபேர் பேசறாங்க. மாணவர்கள் இல்லையாம். நான் கேக்கறேன், மாணவர்களை நம்பியா ஒரு பல்கலைக்கழகம் இருக்கு? மாணவன் நாலு வருஷத்துல போயிடுவான். நாம போயிடுவோமா? நான் பன்னிரண்டு வருஷமா இந்த இடத்தை விட்டு அசையல!" இன்னும் பெரிய கைதட்டல். பிறகு குரலைத் தாழ்த்தினார். "அதே சமயம், கடைசி இடத்துல இருந்துக்கிட்டு மத்தவங்க பேரையும் கெடுக்கிறவங்களுக்குச் சொல்றேன். முன்னால இருக்கிறவங்களைப் பார்த்துத் திருந்துங்க."

நெவேனா மேடையேறினாள். பூச்செண்டில் பூக்கள் இரட்டைப் படையில் இருந்தன. எங்கள் பக்கம் இறந்தவர்களுக்குத்தான் அப்படிக் கொடுப்பது. டீனும் அதைக் கவனித்துவிட்டு, ஒரு பூவை உருவித் தன் கோட்டில் செருகிக்கொண்டார். வலக்கையால் செண்டைக் கொடுத்துப் புன்னகைத்தார். இடக்கையால் எச்சரிக்கையைக் கொடுத்து முகத்தைக் கடுமையாக்கினார். படம் எடுத்தவருக்கு எந்த முகத்தை எடுப்பது என்று தெரியவில்லை.

அன்று மாலை அவள் அம்மாவுக்குப் போன் செய்தாள்.

"முதல் இடமா? என் தங்கமே!" என்றாள் அம்மா. பின்னால் கிழவி இத்தாலிய மொழியில் எதற்கோ கத்திக்கொண்டிருந்தாள். "கூட்டாளிங்க என்ன சொன்னாங்க? விருந்து கேட்டிருப்பாங்களே?"

"கேட்டாங்கம்மா" என்றாள் நெவேனா.

வசந்தம் வந்தபோது சோஃபியாவிலிருந்து அங்கீகாரக் குழு வரப்போகிறது என்று தெரிந்தது. ஐம்பது மாணவர்களாவது இல்லாவிட்டால் துறை மூடப்படும், துறை போனால் பல்கலைக்கழகம் போகும். மூன்று மாடிகளும் ஒரே நாளில் வெளிறிப்போயின. டீன் எல்லாரையும் கூட்டினார்.

"இத்தனை வருஷம் மாணவர்களுக்காக வாழ்ந்தோம்" என்றார். "ஒரு நாள் மாணவர்களாவே வாழ்ந்துட்டா என்ன?"

அப்படித்தான் நெவேனாவுக்கு வகுப்புத் தோழர்கள் கிடைத்தார்கள். குழு வந்த நாளன்று விரிவுரை அரங்கம் நிரம்பியிருந்தது. கொள்முதல் பிரிவு, தேர்வுப் பிரிவு, சமையற்கூடம், துப்புரவு எல்லாரும் எழுத்து வரிசைப்படி உட்கார்ந்திருந்தார்கள். சிலர் இளமையாகத் தெரிவதற்காகத் தங்கள் பேரன்களின் தொப்பிகளைப் போட்டு வந்திருந்தார்கள். செவ்தா தலைமுடியை இரட்டைச் சடையாகப் பின்னியிருந்தாள். குழுவின் தலைவி பேராசிரியர் லோஸானோவா இரண்டு உறுப்பினர்களோடு ஓரத்தில் அமர்ந்தார்.

கடைசி வரிசையில் நெவேனாவுக்குப் பக்கத்தில் வாயிற்காவலர் மான்யோ யாகோவ். அறுபதை நெருங்கும் ஆள். சட்டைப் பையிலிருந்து சூரியகாந்தி விதையை எடுத்து அவளுக்குக் கொஞ்சம் கொடுத்தார்.

"பக்கத்துல இருக்கிறவரோட கலந்து பேசுங்க" என்றார் பேராசிரியர் ப்ராதானோவ் ஒலிபெருக்கியில். அவர் குரல் ஒரு மாதிரி இருந்தது.

"என்ன பேசணும் இப்ப?" என்று கிசுகிசுத்தார் மான்யோ.

"அமினோ அமிலங்கள் எப்படிச் சேர்ந்து புரதம் ஆகுதுன்னு."

"நீ பேசு. நான் தலையாட்டறேன்."

நெவேனா பேசினாள். ஒன்றின் ஒரு முனையும் இன்னொன்றின் மறுமுனையும் சேரும்போது நடுவிலிருந்து ஒரு நீர் மூலக்கூறு வெளியே போகும், எதையாவது இழக்காமல் எதுவும் சேராது, அப்படிச் சேர்ந்த சங்கிலி தானாகச் சுருண்டு மடங்கி ஒரு வடிவத்துக்கு வரும், அந்த வடிவம்தான் அதன் வேலை என்றெல்லாம் சொன்னாள். மான்யோ விதையைக் கொறித்தபடி தலையாட்டினார். ஒரு இடத்தில், "அட, அப்படியா?" என்றார். நடிப்பாகவே இருக்கலாம். ஆனால் அவளுக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது. பேசுவதற்கு ஒரு காது கிடைத்தால் மனிதர் இப்படி ஆகிவிடுவார்கள் என்று அவளுக்கே அன்றுதான் தெரிந்தது.

லோஸானோவா எழுந்தார். "மாணவர்கள்கிட்ட ஒண்ணு ரெண்டு கேக்கலாமா?" மான்யோவைக் காட்டினார். "நீங்க சொல்லுங்க. மாவுச்சத்து எதுல இருக்கு?"

"உருளைக்கிழங்குல."

"எதனால ஆனது?"

மான்யோ யோசித்தார். "உருளைக்கிழங்கால."

லோஸானோவா எங்கள் நாட்டு வழக்கப்படி ஆமென்று இடவலமாகத் தலையசைத்து எழுதிக்கொண்டார். சமையற்காரியைக் கேட்டார்: "புரதத்துக்கு ஒரு எடுத்துக்காட்டு?"

"கொத்துக்கறிக் கெபாப்சே" என்றாள் அவள். "வறுத்தது."

"சரி. நீ?"

நெவேனா துள்ளி எழுந்தாள். கொஞ்சம் முன்பு கிடைத்த சந்தோஷம் இன்னும் அடங்கவில்லை. "மாவுச்சத்து குளுக்கோஸ் சங்கிலிங்க. அதே குளுக்கோஸ் வேற மாதிரி இணைஞ்சா செல்லுலோஸ். இணைப்பு ஒரு பக்கம் திரும்பினா உருளைக்கிழங்கு, இன்னொரு பக்கம் திரும்பினா மரக்கட்டை. நம்ம வயித்துல இருக்கிற நொதி ஒண்ணை உடைக்கும், இன்னொண்ணைக் கண்டுக்காது. ஆனா மாட்டோட வயித்துக்குள்ள இருக்கிற கிருமிகளுக்கு..."

அவள் பேசிக்கொண்டே போனாள். அரங்கத்தில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். லோஸானோவா பேனாவைக் கீழே வைத்தார்.

"இந்தப் பொண்ணை எந்த ஊர்லேர்ந்து கூட்டிட்டு வந்தீங்க?"

"என்ன மேடம்?" என்றார் டீன்.

"நான் இருபது வருஷமா நாடு பூரா முதலாண்டு மாணவர்களைப் பார்த்திருக்கேன். இவ்வளவு தெரிஞ்சவ எவளும் மாணவி கிடையாது. எண்ணிக்கை காட்டறதுக்கு ஆள் வச்சிருக்கீங்க. அதுவும் பக்கத்துப் பல்கலைக்கழகத்து உதவிப் பேராசிரியையா இருக்கும்."

டீன் நெவேனாவைப் பார்த்தார். மூன்று மாடிகளைப் பார்த்தார். "மன்னிக்கணும்" என்றார். "ஆர்வக்கோளாறுல யாரோ செஞ்சிருக்காங்க. விசாரிக்கறேன்."

அப்போது பேராசிரியர் ப்ராதானோவ் மைக்கைப் பிடித்தார். "அவ ஒருத்திதாங்க மாணவி. மத்தவங்க எல்லாரும் ஆபீஸ்."

லோஸானோவா அவரைப் பார்த்தார். பிறகு களைப்போடு சிரித்தார்.

"பேராசிரியரே, எனக்கும் வயசாகுது. ஒரே ஒரு மாணவிக்கு இத்தனை பேர் சம்பளம் வாங்கறாங்கன்னு நான் அறிக்கை எழுதினா, பல்கலைக்கழகத்தை மூட மாட்டாங்க. என்னைத்தான் மருத்துவமனையில சேர்ப்பாங்க."

பல்கலைக்கழகத்துக்கு முழு அங்கீகாரம் கிடைத்தது. மாணவர்களின் பதில்கள் நாட்டின் சராசரியை நேர்மையாகக் காட்டுகின்றன என்றும், கண்டறியப்பட்ட ஒரேயொரு போலி மாணவியை நிர்வாகம் உடனே நீக்கியது பாராட்டுக்குரியது என்றும் அறிக்கை சொன்னது.

டீன் நெவேனாவைத் தன் அறைக்குக் கூப்பிட்டு உட்காரவைத்துக் காபி கொடுத்தார். அவர் கெட்டவர் இல்லை.

"இங்க பாரும்மா. நீ உண்மையான மாணவின்னு சொன்னா மத்தவங்க பொய்யாயிடுவாங்க. ஐம்பது குடும்பம். மான்யோ மனைவிக்கு டயாலிசிஸ். நீ பொய்யின்னு சொன்னா மத்த எல்லாம் உண்மையாயிடுது. ஒரே ஒரு பொய். எவ்வளவு சிக்கனம் பாரு."

"நான் எங்க படிக்கிறது சார்?"

"படிப்புக்கு என்ன, எங்கேயும் படிக்கலாம். பல்கலைக்கழகத்தை எங்கேயும் நடத்த முடியாதில்ல?"

மறுநாளும் அவள் வந்தாள். வேறு எங்கே போவது என்று தெரியவில்லை. வாசலில் மான்யோ நின்றார், கையில் நோட்டுப் புத்தகம். அடுத்த ஆய்வு சொல்லாமல் வரும் என்பதால் எல்லாரும் தினமும் வகுப்புக்குப் போகவேண்டியதாகிவிட்டது. அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"வெளியாளுங்க உள்ள வரக்கூடாதாம். நான் சொல்லல, பலகையில போட்டிருக்கு." காலை மாற்றி நின்றார். "எனக்கு வகுப்புக்கு நேரமாயிடுச்சும்மா."

அவள் கல்விப் பிரிவு ஜன்னலுக்குப் போய், மறுபடி புதிதாகச் சேர முடியுமா என்று கேட்டாள். செவ்தா ஏதோ தேடுகிற மாதிரி நெடுநேரம் குனிந்திருந்தாள். நிமிர்ந்தபோது கண் சிவந்திருந்தது. ஆனால் வாய் வழக்கம்போலவே பேசியது. "இடம் இல்லையே. உயிரியல் நிரம்பிடுச்சு."

பேராசிரியர் ப்ராதானோவ் ஓய்வு பெறும்வரை பாடம் நடத்தினார். முன்வரிசைகளில் பின்னல் வேலை நடந்தது, நடு வரிசைகளில் சம்பளப் பட்டியல் தயாரானது. அவர் அவர்கள் தலைகளுக்கு மேலாக, அரங்கத்தின் கடைசியில் மடங்கிக் கிடந்த நாற்காலியைப் பார்த்தே பேசினார் என்று சொல்வார்கள்.

நெவேனா ஜூன் மாதத்தில் ஒரு காலை இத்தாலி பஸ் ஏறினாள். பொலோன்யாவில் அம்மா இருக்கும் தெருவிலேயே ஒரு கிழவருக்கு ஆள் தேடினார்கள். பஸ் முழுக்க அந்த வேலைக்குப் போகிறவர்களும், விடுமுறை முடிந்து திரும்புகிறவர்களும்தான். அவள் பக்கத்தில் பென்கா என்ற ஒரு தடித்த பெண் உட்கார்ந்தாள். மடியில் ரொட்டிப் பை.

"என்ன பண்ணிட்டிருந்த ஊர்ல?"

"படிச்சேன்."

"என்ன படிப்பு?"

"உயிரின் வேதியியல்."

பென்காவுக்கு அது புரிந்த மாதிரி தெரியவில்லை. ஆனால் அவள் அதை ஒரு பக்கமாக ஒதுக்கிவிடவும் இல்லை. செர்பியா எல்லை நெருங்கும்போது திடீரென்று கேட்டாள்:

"அப்ப உனக்கு இது தெரியுமா? நான் பாத்துக்கிற பெரியவருக்குச் சர்க்கரை. இனிப்பு நான் காட்டறதே இல்ல. ஆனா ரொட்டியும் குறைங்கறா டாக்டரம்மா. ரொட்டி எங்க இனிக்குது? நான் கேட்டா அவ இத்தாலியன்ல வேகமா ஏதோ சொல்றா, எனக்குப் புரிய மாட்டேங்குது."

நெவேனா அவளைத் திரும்பிப் பார்த்தாள். ஒரு வருடத்தில் அவளிடம் பலர் பல கேள்வி கேட்டிருந்தார்கள். பதில் வேண்டும் என்று கேட்டவள் இவள்தான்.

"ரொட்டியும் சர்க்கரைதான்க்கா. நீளமாக் கோத்து வச்ச சர்க்கரை. கோத்திருக்கிறதால நாக்குக்குத் தெரியல. உடைச்சா தெரியும். ஒரு துண்டு வாயில போட்டு மென்னுக்கிட்டே இருங்க. முழுங்காதீங்க. எச்சில்ல இருக்கிற நொதி உடைக்கும்."

பென்கா ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டாள். பின் இருக்கைப் பெண் எட்டிப் பார்த்து, "என்னது, எனக்கும் குடு" என்றாள். ரொட்டி முன்னும் பின்னும் கைமாறியது. பஸ் ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்துவிட்டுத் தனக்கும் ஒன்று கேட்டார். கொஞ்ச நேரத்தில் பஸ் முழுக்க ஓட்டுநரைத் தவிர எல்லாரும் பேச்சை நிறுத்திவிட்டுக் கண்ணை மூடி மென்றுகொண்டிருந்தார்கள். எஞ்சின் சத்தம் மட்டும் கேட்டது.

"ஐயோ" என்றாள் பின் இருக்கைக்காரி முதலில். "இனிக்குதுடி!"

"ஆமா, இனிக்குது!"

"எனக்கு இன்னும் இல்லையே... இரு... ஆமா!"

பென்கா நெவேனாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "இத்தனை வருஷமா தின்னுருக்கேன், ஒருத்தரும் சொன்னதில்ல. நீ எந்தப் பள்ளிக்கூடத்துல டீச்சர்?"

பொலோன்யாவில் ஒரு கிழவரைப் பார்த்துக்கொள்ளப் போவதாக நெவேனா சொன்னாள். பென்கா பையைத் திறந்தாள். மிஞ்சியிருந்த ரொட்டியில் ஒரு துண்டைப் பிய்த்து அவள் உள்ளங்கையில் வைத்து அழுத்தினாள்.

"நீயும் மெல்லு."

நெவேனா வாயில் போட்டு மென்றாள். வாய் சுத்தமாக உலர்ந்துபோயிருந்தது. எச்சில் இல்லாமல் எதுவும் உடையாது. எவ்வளவு மென்றும் அவளுக்கு மட்டும் அது வெறும் ரொட்டியாகவே இருந்தது.

"இனிக்குதா?" என்று நான்கைந்து பேர் ஒரே நேரத்தில் கேட்டார்கள்.

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "இனிக்குது" என்றாள்.